சாட்சிக் கூண்டில் சாமி: பழைய நீதிமன்றப் படங்களில் மதமும் ஊர்ப் பண்பாடும்

தமிழ் சினிமாவில் கோர்ட் சீன் என்றால் பகவத் கீதை வந்தே ஆக வேண்டும். ஒருவர் அதை எடுத்து வந்து நீட்டுவார், சாட்சி அதன்மேல் கை வைத்து, ‘நான் சொல்வதெல்லாம் உண்மை’ என்பார். பாளையங்கோட்டையில் உள்ள நம் நீதிமன்றத்தில் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கீதை வராது, பைபிள் வராது, குர்ஆனும் வராது. சாட்சிகளின் சத்தியம் பற்றி 1969-ல் வந்த சட்டப்படி, சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம். கடவுள் பெயர் வேண்டாம் என்கிறவர் உளமார உறுதி கூறலாம். எந்தப் புத்தகத்தையும் தொட வேண்டியதில்லை.

அப்படியிருக்க சினிமா ஏன் கீதையை விடமாட்டேன் என்கிறது? பார்க்கிற நமக்கு அது வேண்டியிருக்கிறது. வெறும் வாய்வார்த்தையைவிடப் புனிதமான ஒன்றின்மேல் வைத்த கைதான் நம் மனதில் நிற்கிறது. சட்டம் கழற்றி வைத்துவிட்ட மதத்தைச் சினிமா மறுபடி கோர்ட்டுக்குள் கூட்டி வருகிறது. உலகத்தின் பழைய நீதிமன்றப் படங்கள் பலவற்றில் இது வெவ்வேறு விதத்தில் நடக்கிறது. அவற்றை முதல்முறையாகப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டமோ சினிமாவோ படித்திருக்க வேண்டியதில்லை. நம் நெல்லைப் பக்கம் ஒரு கோயில் கொடை என்கிற திருவிழாவையோ, சர்ச்சில் ஊருக்கே சோறு போடுகிற ஒரு அசனப் பண்டிகையையோ கண்ணால் பார்த்திருந்தால் போதும்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மதம் என்று நாம் சொல்வதில் இரண்டு சமாச்சாரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நம்பிக்கை: கடவுள் உண்டா, அவர் என்ன சொன்னார், செத்தபின் என்ன ஆகும் என்பது. இன்னொன்று அந்த நம்பிக்கை ஓர் ஊரில் காலங்காலமாக உடுத்திக்கொண்ட உடுப்பு: எப்படிக் கும்பிடுவது, யார் முன்னால் நிற்பது, யார் வெளியே நிற்பது, கல்யாணத்தில் என்ன கட்டுவது, சாவில் என்ன சமைப்பது. இந்த இரண்டாவதைத்தான் இங்கே பண்பாடு என்கிறேன்.

நெல்லைச் சீமையில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஆனி மாதம் நெல்லையப்பருக்குத் தேர் ஓடுகிறது. தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்கும் தேர் உண்டு. சாமி வேறு, தேர் ஒன்று. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அசனம் என்று ஊரையே உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். அம்மன் கோயில் கொடையிலும் பந்தி உண்டு, பொட்டல்புதூர் தர்காவில் கந்தூரியும் உண்டு. சிலுவை பொறித்த தாலி கட்டிய பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். நம்பிக்கை வேறு வேறாக இருந்தும் பழக்கம் ஒன்றாக இருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்குள் ஒரு சாதிக்கு உள்ளே இடம், இன்னொரு சாதிக்கு வெளியே இடம் என்று இருந்தது. 1939 ஜூலை 8-ம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரரான வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களோடு நுழைந்தபோது, கதவை மூடி வைத்திருந்தது நம்பிக்கையா, பழக்கமா என்ற கேள்விதான் ஊரைப் பிளந்தது. அந்த வருஷமே ராஜாஜி அரசு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

நீதிமன்றப் படம் என்கிற வகையே இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வாகானது. கோர்ட்டில் ‘எங்க ஊர்ல இப்படித்தான்’ என்ற பதில் செல்லாது. ஏன், எப்போது, யார் பார்த்தது என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். பழக்கமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறும். நல்ல வக்கீல் இரண்டையும் பிரித்துக் காட்டுவார். நல்ல இயக்குநர், பிரிக்கும்போது எங்கே வலிக்கிறது என்பதைக் காட்டுவார்.

சூடமும் ஜெபமாலையும்

சத்தியத்திலிருந்தே தொடங்கலாம். நம் கிராமங்களில் ஆடு களவு போனது, வரப்பு தகராறு, கொடுத்த பணத்தை வாங்கவே இல்லை என்று சாதிப்பது, இதெல்லாம் வந்தால் கடைசி ஆயுதம் கோயில் வாசல்தான். ‘சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு’ என்பார்கள். எத்தனையோ பொய்யைக் கூசாமல் சொன்னவன், கற்பூரம் எரியும்போது கை நீட்டத் தயங்குவான். சுடலைமாடன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்ற பயம், ஜெயில் பயத்தைவிடப் பெரியது.

வெள்ளைக்காரன் சட்டமே ஒரு காலம் வரை இதற்கு இடம் கொடுத்தது என்பது பலருக்குத் தெரியாது. 1873-ம் ஆண்டுச் சத்தியச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. வழக்கில் ஒரு கட்சிக்காரர், ‘எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்து சொல்லட்டும், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்’ என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். எதிராளி ஒப்புக்கொண்டு அப்படியே சத்தியம் செய்து சொல்லிவிட்டால், சவால் விட்டவருக்கு எதிராக அதுவே முடிந்த முடிவு. அதற்குமேல் வேறு சாட்சி கொண்டுவந்து அதை உடைக்க முடியாது. 1969-ம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. சட்டம் எடுத்ததே தவிர, ஊர் எடுக்கவில்லை. இன்றும் சூடம் அணைக்கிற கோயில் வாசல்கள் நம் பக்கம் இருக்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1959-ல் ஆட்டோ பிரெமிங்கர் எடுத்த ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ படத்தைப் பாருங்கள். ஒரு ராணுவ அதிகாரி மதுக்கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். தன் மனைவியை அந்த ஆள் பலாத்காரம் செய்ததால் சுட்டேன் என்கிறான். விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வருகிறது. நடந்தது உண்மைதான் என்று மனைவியை ஜெபமாலைமேல் சத்தியம் செய்ய வைத்திருக்கிறான் அந்தக் கணவன். அரசுத் தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிக்கிறார். நீ கத்தோலிக்கப் பெண், முன்பே விவாகரத்து ஆனவள், அப்படிப்பட்டவள் ஜெபமாலைமேல் செய்த சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்கிற திசையில் கேள்விகள் போகின்றன.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி யோசிக்கலாம். வக்கீல் அவளுடைய நம்பிக்கையைத் தொடவே இல்லை. அவள் சபைக்கு உள்ளே நிற்கிறவளா, வெளியே தள்ளப்பட்டவளா என்றுதான் கேட்கிறார். அவளுக்கும் கடவுளுக்கும் நடுவே ஊர் வந்து நிற்கிறது. நம் ஊர் மொழியில் சொன்னால், ‘ஊர் விலக்கு வச்சவ சூடம் அணைச்சா செல்லுமா?’ என்ற கேள்வி. அமெரிக்காவில், ஐம்பதுகளில், ஆங்கிலத்தில் கேட்கப்பட்டாலும் நமக்குச் சட்டென்று புரிகிறது.

டேட்டனில் ஒரு வாத்தியார்

மதத்தையும் கோர்ட்டையும் பற்றிப் பேசினால் தவிர்க்கவே முடியாத படம் ‘இன்ஹெரிட் தி விண்ட்’. 1955-ல் நாடகமாக வந்தது, 1960-ல் ஸ்டான்லி கிராமர் படமாக்கினார். அடிப்படை ஒரு நிஜ வழக்கு. 1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், டேட்டன் என்ற சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து வந்தான் என்று வகுப்பில் கற்பித்தார் என்பது குற்றச்சாட்டு. பைபிளின் படைப்புக் கதையை மறுத்துப் பாடம் நடத்தக்கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. ஆசிரியருக்காக வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. எதிர்த்தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். படத்தில் ஊருக்கும் ஆட்களுக்கும் பெயரை மாற்றியிருக்கிறார்கள். டாரோவின் சாயலில் ஸ்பென்சர் டிரேசி நடித்த டிரம்மண்ட், பிரையனின் சாயலில் ஃபிரெட்ரிக் மார்ச் நடித்த பிரேடி.

முதல்முறை பார்க்கிறவர்கள் வக்கீல்களின் வாதத்தை மட்டும் கவனிப்பார்கள். நான் சொல்வது, வாதத்தை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள். பிரேடி வந்து இறங்கும்போது ஊரே திரண்டு பழைய பக்திப் பாட்டுப் பாடி ஊர்வலமாகக் கூட்டிப்போகிறது. அவருக்குக் கௌரவ கர்னல் பட்டம் கொடுக்கிறார்கள். டிரம்மண்ட் இதை எதிர்க்கிறார். எதிர்க்கட்சி வக்கீலை எல்லோரும் கர்னல் என்று கூப்பிட்டால், தீர்ப்புச் சொல்லப்போகிற ஊர்க்காரர்களான ஜூரிகள் மனதில் எடை கூடாதா என்பது அவர் வாதம். இந்த வாதத்தில் கடவுள் இல்லை, டார்வின் இல்லை. ஊர் யாருக்கு மாலை போட்டிருக்கிறது என்பது மட்டுமே இருக்கிறது. பரிவட்டம் யாருக்குக் கட்டுவது என்பதில் எத்தனை கோயில்களில் வழக்கு நடந்திருக்கிறது என்று தெரிந்த நமக்கு, இது வெறும் வேடிக்கைக் காட்சியாகத் தோன்றாது.

அப்புறம் அந்த ஜெபக் கூட்டம். ஊர்ப் போதகர் இரவில் எல்லோரையும் கூட்டி வைத்துப் படைப்பின் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறார். குரல் உயர உயரக் கூட்டமும் சூடாகிறது. கடைசியில் ஆசிரியர்மேல் நரக நெருப்பைக் கூப்பிடுகிறார். அந்த ஆசிரியரைக் காதலிக்கிற அவருடைய சொந்த மகள் தடுக்க, அவளையும் சபிக்கத் தொடங்குகிறார். அவரை நிறுத்துவது யார் தெரியுமா? பிரேடி. மதத்தின் பக்கம் வாதாட வந்தவரே எழுந்து, தன் வீட்டைக் கலைக்கிறவன் காற்றையே சுதந்தரிப்பான் என்ற நீதிமொழிகள் வசனத்தைச் சொல்லி அடக்குகிறார். படத்தின் பெயரே அந்த வசனத்திலிருந்து வந்ததுதான். ஒரே வேதம், ஒருவர் அதை வைத்துச் சபிக்கிறார், இன்னொருவர் அதை வைத்தே சாபத்தை நிறுத்துகிறார். கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டங்களுக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு குரலும் நன்றாகத் தெரிந்திருக்கும். நல்ல சேகரகுருவையும் (சபைப் போதகரையும்) பார்த்திருப்பார்கள், மற்றவரையும் பார்த்திருப்பார்கள்.

உச்சக்காட்சியில் டிரம்மண்ட், பிரேடியையே சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார். விஞ்ஞானிகளைச் சாட்சி சொல்ல விடாததால், வேதத்தின் நிபுணராகவே அவரைக் கூப்பிடுகிறார். இது நிஜமாகவே நடந்தது. டாரோ பிரையனைக் கூண்டில் ஏற்றினார், அன்றைக்கு விசாரணையைக் கட்டடத்துக்கு வெளியே புல்வெளிக்கு மாற்றியிருந்தார்கள். நம்பிக்கையை ஆதாரத்தின் பாஷையில் பேசச் சொன்னால் அது எப்படித் திணறும் என்பதை இந்தக் காட்சி காட்டுகிறது. இங்கே எனக்குப் பிரேடிமேல் இரக்கம் வருகிறது. ஜெபிக்கத் தெரிந்த வாயை அளவும் தேதியும் சொல்லச் சொன்னால் என்ன செய்யும்?

படம் நிஜத்தை மாற்றிய இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாற்றிய இடத்தில்தான் படத்தின் கருத்து இருக்கிறது. நிஜ ஸ்கோப்ஸ் வகுப்பறையில் கைதாகிச் சிறையில் வாடவில்லை. அந்தச் சட்டத்தைச் சோதிக்க விரும்பிய குடிமை உரிமை அமைப்பு ஒன்று, வழக்கில் நிற்கத் தயாரான ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. ஊருக்குப் பெயர் கிடைக்கும் என்று டேட்டனின் பெரிய மனிதர்கள் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். தீர்ப்பு 100 டாலர் அபராதம். அபராதம் விதித்த முறையில் பிழை என்று 1927-ல் மேல்நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. அந்தச் சட்டம் 1967 வரை நீடித்தது. பிரையன் கோர்ட்டில் சரிந்து சாகவில்லை. வழக்கு முடிந்து ஐந்து நாள் கழித்துத் தூக்கத்தில் இறந்தார்.

இதைவிட முக்கியமான விடுபடல் ஒன்று உண்டு. பிரையன் டார்வினை எதிர்த்ததற்குப் பைபிள் மட்டும் காரணமில்லை. வலியது வாழும் என்ற பேச்சை வைத்துக்கொண்டு பலசாலிகள் ஏழைகளை மிதிப்பார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அந்த வழக்கில் பேசப்பட்ட பாடப்புத்தகமே மனித இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தியிருந்தது. படம் இதைத் தொடவில்லை. அதனால் பிரேடியின் மதம், யோசிக்காத ஊரின் பழக்கம் மட்டுமாகச் சுருங்கிவிட்டது. நாடகத்தை எழுதியவர்களுக்கு வேறு அவசரம் இருந்தது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி மனிதர்களை வேட்டையாடிய காலம் அது. சிந்திக்கும் உரிமையைப் பற்றிப் பேச, முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார்கள். நியாயமான நோக்கம்தான். ஆனாலும் நம்பிக்கையாளரின் முழு வாதத்தையும் கேட்காமல் தீர்ப்பு எழுதிய குறை படத்துக்கு இருக்கிறது என்பது என் எண்ணம். முடிவில் டிரம்மண்ட் தனியாக நின்று டார்வின் புத்தகத்தையும் பைபிளையும் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் பார்த்து, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார். அந்தக் குறையை இயக்குநரும் உணர்ந்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

மதமே நீதிபதியானால்

டேட்டனில் நீதிபதி அரசாங்க ஆள். ஆனால் சபையே நீதிமன்றமாக உட்கார்ந்த வழக்குகளும் உண்டு. கார்ல் டிரையர் 1928-ல் எடுத்த மௌனப் படம் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’. கடவுளின் குரல் கேட்டதாகச் சொல்லிப் பிரெஞ்சுப் படையை நடத்திய ஜோன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை, 1431-ல் பிரான்சில் விசாரித்து எரித்த வழக்கு. அதன் விசாரணைக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. டிரையர் அவற்றை வைத்தே படத்தைக் கட்டினார். கூண்டில் நிற்பவளும் கிறிஸ்தவள், கேள்வி கேட்பவர்களும் கிறிஸ்தவர்கள். நீ அருள் நிலையில் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் ஒப்புதல் வாக்குமூலம். அவள் சொல்கிறாள்: இருந்தால் கடவுள் என்னை அதில் வைத்திருக்கட்டும், இல்லாவிட்டால் அதில் சேர்க்கட்டும்.

நம் விஷயத்துக்கு இதைவிட வேண்டிய இடம் அவள் உடுப்பு. ஆண் உடை ஏன் போட்டிருக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் குடைகிறார்கள். பெண் எதை உடுத்த வேண்டும் என்பது அந்தக் கால ஐரோப்பாவின் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வேதத்தின் முத்திரையைக் குத்தி, கொல்லத்தக்க குற்றமாக்குகிறார்கள். ஜோனுக்கோ உடை பெரிய விஷயமில்லை, கடவுள் சொன்ன வேலை முடிந்தால் போதும். இந்தப் படத்தில் நம்பிக்கை முழுக்கக் கூண்டில் நிற்கிறது, பண்பாடு முழுக்க நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1456-ல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று சபையே சொன்னது. 1920-ல் அவளைப் புனிதையாக்கியது.

‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ 1966-ல் வந்தது. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்றுச் சத்தியம் செய்ய மறுத்து, 1535-ல் தலை வெட்டப்பட்ட தாமஸ் மோரின் கதை. நண்பர் ஒருவர், நாங்கள் எல்லோரும் செய்துவிட்டோம், நட்புக்காகவாவது நீயும் செய்யேன் என்கிறார். மோர் கேட்கிறார்: உன் மனசாட்சிப்படி நடந்த நீ சொர்க்கத்துக்கும், என் மனசாட்சியை மீறிய நான் நரகத்துக்கும் போகும்போது, நட்புக்காக என்கூட வருவாயா? ‘ஊருடன் கூடி வாழ்’ என்று ஔவையார் ஆத்திசூடியில் சொன்னதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும். ஊரோடு கூடுவது எதுவரை என்று கேட்கத்தான் இந்தப் படங்கள் இருக்கின்றன.

அம்பாள் எந்தக் காலத்தில் பேசினாள்

நம் பக்கம் வருவோம். 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். பிழைக்க வழியில்லாமல் கோயிலில் ஒதுங்கிய தங்கையிடம் பூசாரி தவறாக நடக்கப் பார்க்கிறான். அண்ணன் குணசேகரன் அவனைத் தாக்கிவிட்டுக் கோர்ட்டில் நிற்கிறான். கோயில் கூடாது என்பதற்காக அல்ல, கோயில் கொடியவர்களின் கூடாரமாக இருக்கக்கூடாது என்பதற்காக என்று அவன் சொல்கிற வசனம் மனப்பாடமாகத் தெரியாத தலைமுறை தமிழ்நாட்டில் குறைவு. பள்ளி ஆண்டு விழாவில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய பையன் இதை முழங்க, அவனுடைய அப்பா பெருமையோடு கை தட்டுவதை நம் பக்கம் பார்க்கலாம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அந்த வாதம் நம்பிக்கையையும் அதை நடத்துகிறவர்களையும் தனித்தனியாக வைத்திருப்பதால்தான், சாமி கும்பிடுகிறவரும் அதற்குக் கை தட்ட முடிகிறது.

கோயில் காட்சியில் சிலைக்குப் பின்னால் நின்று குணசேகரன் பேசுவான். அம்பாள் எந்தக் காலத்தில் பேசினாள் என்று பூசாரியைக் கேட்பான். இந்தக் கேள்வி சென்னையில் கேட்பதும் நம் ஊரில் கேட்பதும் ஒன்றல்ல. பெரிய கோயில் கருவறை அம்பாள் பேசமாட்டாள், சரி. ஆனால் கொடையில் சாமி பேசுகிறதே! வில்லுப்பாட்டில் கதை ஏற ஏற, உடுக்கையும் குடமும் அதிர அதிர, சாமியாடிமேல் மாடன் இறங்கிக் கணக்குக் கேட்பான். யார் யாருக்கு என்ன அநியாயம் செய்தார் என்பது ஊர் நடுவில் வெளியே வரும். சில சமயம் பஞ்சாயத்தில் பேச முடியாத ஏழை, சாமி வாயால் பேசிவிடுவார். அதனால் ‘பராசக்தி’யின் அம்பு பட்டது நம் மதம் முழுவதன் மேலும் இல்லை. சிலையின் மௌனத்தைத் தனக்கு வசதியாக்கிக்கொண்ட ஒரு அமைப்பின் மேல்தான். பேசுகிற சாமிகளைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லவில்லை. அது யாராவது எடுக்க வேண்டிய இன்னொரு படம். நம் மண்ணிலிருந்து அது வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

மதத்தின் பெயரே வராத படத்திலும் பண்பாடு கூண்டேறும். 1984-ல் வந்த ‘விதி’யில் ஏமாற்றப்பட்ட பெண் தன் குழந்தைக்கு அப்பா இவன்தான் என்று கோர்ட்டுக்குப் போகிறாள். சுஜாதா அவளுக்காக வாதாடுவார், ஜெய்சங்கர் எதிர்த்தரப்பு. அந்தப் படத்தின் வசன கேசட் டீக்கடை, கல்யாண வீடு என்று தமிழ்நாடெங்கும் ஒலித்தது. அதில் பூசாரி இல்லை, வேதம் இல்லை. கற்பு என்ற சொல் மட்டும் எல்லாக் கேள்விக்கும் அடியில் ஓடுகிறது.

ஓலையோடு வந்த கிழவர்

தமிழில் நீதிமன்றக் கதை சினிமாவோடு தொடங்கவில்லை. ‘தேரா மன்னா’ என்று பாண்டியன் சபையில் கண்ணகி நின்றாளே, அதைவிடப் பெரிய கோர்ட் சீன் எது? சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள், உள்ளே மாணிக்கம். அரசியின் சிலம்பில் முத்து. சரியான தடயச் சான்று. ஆனால் கதை தீர்ப்போடு முடியவில்லை. நீதி கேட்டு வந்த பெண் தெய்வமாகிறாள்.

இது நம் சீமைக்கு மிகவும் பழக்கமான பாதை. நாட்டார் வழக்காற்றை ஆராய்ந்தவர்கள் கொலையில் உதித்த தெய்வங்கள் என்று ஒரு வகையே சொல்வார்கள். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலப் பெண்களை மணந்து, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். சாதி வழக்கத்தை மீறியவனை அதே ஊர் சாமியாக்கிக் கும்பிடுகிறது. மேற்கத்திய நீதிமன்றப் படத்தில் மதம் ஏற்கெனவே இருக்கிறது, அது வழக்குக்குள் வருகிறது. நம் கதைகளில் நியாயம் கிடைக்காத வழக்கிலிருந்து சாமி பிறக்கிறது. தமிழ்ப் படங்களில் கோர்ட் கைவிட்ட பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சூலத்தோடு நிற்பதை மிகைநடிப்பு என்று தள்ளிவிடுவார்கள் சிலர். அது இந்த மண்ணின் பழைய தர்க்கம்.

இன்னொரு கதை பெரியபுராணத்தில். சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது. ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று கேட்கிறார்கள். அதாவது வழிவழியாக நடந்துவருகிற அனுபவம், எழுத்து, கண்டவர் சாட்சி. கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். தாத்தாவின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், பொருந்துகிறது. தீர்ப்பு கிழவருக்கு. அந்தக் கிழவர் சிவபெருமான்.

டேட்டனில் பிரேடி பட்ட பாட்டோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே நம்பிக்கை ஆதாரத்தைக் கண்டு திணறுகிறது. இங்கே கடவுளே சபையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, மூல ஆவணத்தோடு வாதியாக வந்து நிற்கிறார். நம்பிக்கைக்கும் விசாரணைக்கும் ஜென்மப் பகை என்று எல்லா ஊரும் நினைத்ததில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது. ஆங்கிலப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மதம் என்றாலே கோர்ட்டில் தோற்கிற கட்சி என்று முடிவு கட்டுகிற இளைஞர்களிடம் இந்தக் கதையைத்தான் நான் சொல்வேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ‘இன்ஹெரிட் தி விண்ட்’ முதலில். அதே வாரத்தில் ‘பராசக்தி’யின் கோர்ட் காட்சியைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பேசுகிறவரைவிட்டுக் கேட்கிறவர்களைக் கவனியுங்கள். யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் அந்த அறைக்குள்ளேயே இல்லை. கறுப்பின இளைஞன் ஒருவனுக்காக ஒரு வெள்ளைக்கார வக்கீல் வாதாடுகிற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தில் கறுப்பின மக்கள் கோர்ட்டின் மாடியில்தான் உட்கார முடியும். அந்த வக்கீலின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்பவர் கறுப்பின மக்களின் போதகர் சைக்ஸ். மதம் அந்தப் படத்தில் ஒரு வாதமும் செய்யவில்லை, மாடியில் மக்களோடு உட்கார்ந்திருக்கிறது. கீழே எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று யோசித்துக்கொண்டே அந்தக் காட்சியைப் பாருங்கள். ஜோனை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மௌனப் படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் பத்து நிமிஷம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பிடித்துக்கொள்ளும்.